சம்பளம் நிற்பதற்கு முன் கடன் நிற்கட்டும்

வீட்டுக்கடன் கட்டிக்கொண்டே ஐம்பது வயதில் ஓய்வு பெற நினைக்கும் தம்பதிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில் இருக்கிறீர்கள். சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. அதன்மேல் இன்னும் பத்துப் பதினைந்து வருடத் தவணை இருக்கிறது. ஐம்பதிலோ ஐம்பத்திரண்டிலோ வேலையை விட்டுவிட வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. கூடவே வீட்டுக்குள் ஒரு பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது: மாடுலர் கிச்சன், குளியலறைக்குப் புது டைல்ஸ், ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், மொட்டை மாடியில் ஓர் அறை. போனஸ் வந்ததும் அதைக் கடனில் கட்டுவதா, மியூச்சுவல் ஃபண்டில் போடுவதா, வீட்டு வேலையைத் தொடங்குவதா என்ற பேச்சு எழுகிறது. முதல் இரண்டுக்கும் பைசா சுத்தமாகக் கணக்குப் போடுகிறவர்கள்கூட மூன்றாவதற்குக் கணக்குப் போடுவதில்லை. ‘நாம் இருக்கப்போகிற வீடுதானே’ என்று சொல்லிச் செலவை ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். முன்கூட்டியே ஓய்வு பெறும் திட்டங்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்த மூன்றாவது இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டில் செய்ய நினைக்கும் ஒவ்வொரு வேலையையும், சம்பளம் நின்ற பிறகு அது உங்கள் மாதச் செலவைக் கூட்டுமா குறைக்குமா என்ற ஒரே கேள்வியை வைத்து அளந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

முதலில் கடனின் நடத்தையைப் பார்த்துவிடுவோம். 50 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 43,391 ரூபாய். முதல் மாதம் கட்டும் தொகையில் 35,417 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 7,974 ரூபாய்தான். ஐந்து ஆண்டுகளில் 26 லட்சம் கட்டி முடித்திருப்பீர்கள், ஆனால் பாக்கி 44 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். பத்தாண்டு முடியும்போது 52 லட்சம் கட்டியிருப்பீர்கள்; அப்போதும் பாக்கி 35 லட்சம். பாதிக் காலம் ஓடிய பிறகும் அசலில் எழுபது சதவீதம் அப்படியே இருக்கிறது. நாற்பது வயதில் இந்தக் கடனை வாங்கியவர், வங்கி போட்டுக்கொடுத்த அட்டவணைப்படியே கட்டிக்கொண்டு ஐம்பதில் வேலையை விட்டால், 35 லட்சம் கடனோடுதான் வீட்டுக்கு வருவார். இதே கடனைப் பத்தாண்டில் முடிக்கத் தேவையான தவணை 61,993 ரூபாய், அதாவது மாதம் ஏறத்தாழ 18,600 ரூபாய் கூடுதல். சம்பளம் ஏறும் வயதில் பலருக்கு எட்டக்கூடிய தொகை இது. புதுப்பித்தல் செலவு என்ற பெயரில் பல வீடுகளில் வெளியே போகும் தொகையும் கிட்டத்தட்ட இதுதான்.

அந்த அட்டவணையும் நிலையானதல்ல. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள், ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற ஏதாவது ஒரு வெளி அளவுகோலோடு கட்டாயமாகப் பிணைக்கப்பட்டன. 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கிய ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. 6.5 சதவீத வட்டியில் 50 லட்சத்தை 20 ஆண்டுக்கு வாங்கியவரின் தவணை 37,279 ரூபாய். அதே கடனுக்கு வட்டி 9 சதவீதம் ஆனால், வட்டி மட்டுமே மாதம் 37,500 ரூபாய் ஆகிறது. தவணை முழுவதையும் விழுங்கிய பிறகும் வட்டிக்குப் பற்றவில்லை. அந்த நாட்களில் பல வங்கிகள் தவணையைத் தொடாமல் ஆண்டுகளை நீட்டின. மாதம் போகும் பணம் மாறவில்லை என்பதால் பலருக்கு அது கண்ணில் படவே இல்லை. ஓய்வு வயதைத் தாண்டிக் கடன் நீண்டுபோனது, வட்டி விவர அறிக்கையை எடுத்துப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதில் தலையிட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும்; நீட்டிய காலம் அசலே ஏறும் நிலைக்குக் கொண்டுபோய் விடக்கூடாது என்று உத்தரவிட்டது. தேர்ந்தெடுக்கும் உரிமை இன்று உங்கள் கையில் இருக்கிறது. 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரெப்போ மூன்று முறை குறைந்து 5.5 சதவீதத்துக்கு வந்தபோது அந்த உரிமை நல்ல விதமாகப் பயன்பட்டிருக்க வேண்டும். 44 லட்சம் பாக்கியும் 15 ஆண்டும் மீதமிருக்கும் கடனில் வட்டி 8.5இலிருந்து 7.5 ஆனால் தவணை மாதம் சுமார் 2,500 ரூபாய் குறையும். தவணையைக் குறைக்காமல் பழையபடியே கட்டினால், கடன் 18 மாதம் முன்னதாக முடியும். ஒன்றரை ஆண்டுச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்து மாதம் 2,500 ரூபாய் வாங்கிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

இப்போது எல்லோரும் சண்டை போடும் இடத்துக்கு வருவோம். கையில் 10 லட்சம் இருக்கிறது. கடனில் கட்டுவதா, முதலீடு செய்வதா? மேலே சொன்ன கடனில் ஐந்தாம் ஆண்டு முடிவில் 10 லட்சத்தைக் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால், மிச்சமிருந்த 180 மாதம் 115 மாதமாகச் சுருங்குகிறது. 65 மாதத் தவணை இல்லாமல் போகிறது; வட்டியில் மட்டும் 18 லட்சத்துக்கு மேல் மிச்சம். தனிநபர் வாங்கிய மாறும் வட்டிக் கடனுக்கு இப்படி முன்கூட்டியே கட்ட அபராதம் எதுவும் கிடையாது. விடுபட்ட தவணைகளை அதே விகிதத்தில் சேமித்தால் அன்றிலிருந்து பதினைந்து ஆண்டு முடிவில் கையில் நிற்பது 35.6 லட்சம். அதே 10 லட்சம் பங்குச்சந்தை ஃபண்டில் ஆண்டுக்குப் 10 சதவீதம் வளர்ந்தால் 41.8 லட்சமாகும், இன்றைய 12.5 சதவீத மூலதன ஆதாய வரி போக 38 லட்சம். சந்தை 7 சதவீதம்தான் கொடுத்தது என்றால் வரிக்கு முன்பே 27.6 லட்சம். ஆக, இந்த இரண்டு வழிகளுக்கும் இடையே உள்ள தூரம், சந்தை எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்து, முன்னும் பின்னும் சில லட்சங்கள். ஒன்று நிச்சயமானது, மற்றது நிச்சயமற்றது. எதைத் தேர்ந்தாலும் பணம் உயிரோடு இருக்கிறது. அந்தப் 10 லட்சத்தை ஃபால்ஸ் சீலிங்கிலும் சுவர் பேனலிலும் போட்டால் பதினைந்து ஆண்டு கழித்து அதிலிருந்து ஒரு ரூபாயும் திரும்பி வராது. அந்த அழகை அனுபவித்திருப்பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அதன் உண்மையான விலை 35.6 லட்சம் என்று தெரிந்துதான் அனுபவிக்க வேண்டும். கடனா முதலீடா என்று ஆறு மாதம் விவாதித்துவிட்டு, இன்டீரியர் கம்பெனியின் மதிப்பீட்டில் ஒரே மாலையில் கையெழுத்துப் போடுவது தலைகீழான கவனம்.

சந்தை அதிகம் தரும் என்று உறுதியாக நம்புகிறவர்கள் ஓய்வுக்கால வருமானம் எப்படி வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,200க்கும் கீழே இறங்கியது. 2020இல் நிஃப்டி இரண்டே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. சம்பளம் வாங்குகிறவருக்கு இது பொறுத்துக்கொள்ளும் காலம். சம்பளம் இல்லாமல் மாதம் 60,000 ரூபாய் வீட்டுச் செலவும் 43,000 ரூபாய் தவணையும் இருப்பவருக்கு, பாதி விலைக்கு யூனிட்டுகளை விற்றுத் தவணை கட்ட வேண்டிய காலம். தவணை இல்லாதவர் அதே சரிவில் ஏறத்தாழ அறுபது சதவீத யூனிட்டுகளை விற்றால் போதும்; மிச்சம் மீண்டும் ஏறக் காத்திருக்கும். கடன் முடிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்தக் காரணத்தால். வட்டி விகித ஒப்பீட்டில் இந்த ஆபத்து தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐம்பதில் வேலையை விடுவது நம் விருப்பம் என்று நினைக்கிறோம். நாற்பத்தாறில் நிறுவனமே விடச் சொன்னாலும் இதே கணக்குத்தான் நம்மைக் காப்பாற்றும்.

இனி என் அளவுகோல். ஓய்வுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்கப் புழங்கும் விதி, 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது: முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதத்தை எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனால் 30 ஆண்டு தாங்கும். அது அமெரிக்கச் சந்தையின் வரலாறு, அதுவும் 30 ஆண்டுக்கு. ஐம்பதில் ஓய்வு பெறும் நமக்கு 35, 40 ஆண்டு தேவை. நம் விலைவாசியும் வேகமாக ஏறுவது. அதனால் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு என்பதை 30 மடங்கு என்று வைத்துக்கொள்வது குறைந்தபட்ச எச்சரிக்கை. அப்படி வைத்தால் மாதம் 1,000 ரூபாய் செலவுக்கு 3,60,000 ரூபாய் சேமிப்பு தேவை. இந்த ஒரு எண்ணைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். மாதச் செலவில் ஆயிரம் ரூபாயைக் குறைக்கும் வீட்டு வேலை உங்கள் ஓய்வு நிதியில் 3.6 லட்சத்தைச் சேர்த்ததற்குச் சமம். மாதச் செலவில் ஆயிரம் ரூபாயைக் கூட்டும் வேலைக்கு, மேஸ்திரிக்குக் கொடுத்த பணத்துக்கு மேல் இன்னொரு 3.6 லட்சத்தையும் சேர்த்துக் கணக்கில் வைக்க வேண்டும்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலைத் திரும்பப் பாருங்கள், வரிசை மாறிவிடும். மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பதும் வெயில் தடுக்கும் பூச்சு பூசுவதும் சில ஆயிரங்களில் முடிகிற வேலைகள். மேல்தளத்தில் குடியிருப்பவருக்கு ஏ.சி. ஓடும் நேரத்தை அவை குறைக்கும். சோலார் எல்லோருக்கும் பொருந்தாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். இரண்டு மாதத்தில் 300 யூனிட்டுக்குள் முடிக்கிற வீட்டுக்குச் சோலார் தகடு வெறும் ஆடம்பரம். இரண்டு ஏ.சி. ஓடி, 900 யூனிட் தாண்டுகிற தனி வீட்டுக்கு மூன்று கிலோவாட் தகடு பெரிய மிச்சம். 2024இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. மாதம் 1,500 ரூபாய் குறைந்தால் அது 5.4 லட்சம் சேமிப்புக்கு ஈடு. அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் சங்கத்தின் சம்மதமில்லாமல் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மறுபக்கம், ஹாலை விரித்து இரண்டு டன் ஏ.சி. மாட்டுவது, விளக்குகள் நிறைந்த சீலிங் போடுவது, விருந்தினருக்கென்று மாடியில் ஓர் அறை எழுப்புவது ஆகியவை மின்கட்டணத்தையும் சுத்தம் செய்யும் செலவையும் சில இடங்களில் சொத்து வரியையும் கூட்டுபவை. மாடியில் வாடகைக்கென்று ஒரு போர்ஷன் கட்டுவது வேறு வகை: வாடகை விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வருமானம். ஆனால் 20 லட்சம் செலவழித்து மாதம் 12,000 ரூபாய் வாடகை வந்தால் அது 7.2 சதவீதம். கடனுக்கு 8.5 கட்டிக்கொண்டிருக்கும்போது அவசரப்படத் தேவையில்லை.

காத்திருக்கவே கூடாத வேலைகளும் உண்டு. இதைச் சொல்லாவிட்டால் என் வாதம் கஞ்சத்தனமாகிவிடும். நீர்தான் வீட்டின் முதல் எதிரி. தட்டோடு பதித்த மாடியில் ஓடுகளுக்கிடையே பூச்சு விட்டுப்போனால், அடுத்த வடகிழக்குப் பருவமழையில் படுக்கையறைக் கூரையில் ஓதம் தெரியும். அதன்மேல் புட்டியும் பெயின்ட்டும் அடித்து மறைப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. உள்ளே இறங்கிய ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் பொருள் என்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்து கம்பி வெளியே தெரியும் நிலைக்கு வந்த பிறகு செய்யும் பழுதுபார்ப்பு, தொடக்கத்திலேயே மாடிக்கு நீர்க்காப்பு செய்வதைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும். சென்னையின் திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடற்கரையை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. குளியலறைக் கசிவும் இப்படித்தான். மேல்வீட்டுக் குளியலறையின் ஈரம் கீழ்வீட்டுச் சீலிங்கில் இறங்கும்போது, யார் செலவு செய்வது என்ற சண்டையில் இரண்டு மழைக்காலம் போய்விடும். பழைய வீடுகளில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் இருக்காது. அதை மாட்டுவது சிறு செலவு, உயிர் சம்பந்தப்பட்டது. சென்னையில் தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரித்து, அதற்கு மேலே பிளக் பாயின்ட்டுகளையும் மோட்டார் சுவிட்சையும் ஏற்ற வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் இன்றைக்கே வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தால் மருத்துவமனைக் கட்டணம் எந்த டைல்ஸ் செலவையும் தாண்டிவிடும். இந்த வேலைகளுக்காக ஓய்வு ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. தவணையைப் போலவே இவற்றையும் கடமையாக எண்ணிச் செய்யுங்கள்.

இதற்கு மறுப்புகள் வரும். முதல் மறுப்பு, ‘உள்ளே செலவு செய்தால் வீட்டின் மதிப்பு ஏறுகிறதே’ என்பது. நம் நகரங்களில் வீட்டின் விலை ஏறுவது நிலத்தால். கட்டடம் ஆண்டுக்காண்டு தேய்கிறது. ஃப்ளாட் வாங்குகிறவர் சதுர அடி விலையையும், யூ.டி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் பிரிக்கப்படாத நிலப்பங்கையும், கட்டடத்தின் வயதையும்தான் விசாரிக்கிறார். பத்து வருடத்துக்கு முந்தைய லேமினேட் அலமாரியைப் பார்த்து யாரும் விலை கூட்டித் தருவதில்லை. பலர் வாங்கியதும் அதைப் பெயர்த்து எறிகிறார்கள். பழைய அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022இன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழி பிறந்திருக்கிறது. முப்பது வயது தாண்டிய கட்டடத்தில் 12 லட்சத்துக்கு இன்டீரியர் செய்வதற்கு முன் சங்கக் கூட்டத்தில் அந்தப் பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடுதல் கட்டுமானம் போன்ற பெரிய வேலைகளைச் செய்தால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் அந்தச் செலவைச் சேர்த்துக் காட்ட முடியும்.

இரண்டாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்: ‘ஐம்பதுக்குப் பிறகு கிடைக்கும் சுதந்திரத்துக்காக நாற்பதுகளை ஏன் இருட்டுச் சமையலறையில் கழிக்க வேண்டும்?’ இதைக் கேட்பது பெரும்பாலும் பெண்கள். கேட்க அவர்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. தினமும் மூன்று நான்கு மணி நேரம் நின்று வேலை செய்கிற இடம் சமையலறை. மேடையின் உயரம் பொருந்தாமல் முதுகு வலிப்பது, புகை வெளியேறாமல் கண் எரிவது, குக்கர் எடுக்க ஒவ்வொரு முறையும் குனிவது ஆகியவை உடலைத் தேய்ப்பவை. அவற்றைச் சரிசெய்யும் செலவை ஆடம்பரம் என்று சொல்ல அங்கே நின்று வேலை செய்யாதவருக்கு உரிமை இல்லை. என் அளவுகோல் இதற்கு எதிரானதும் அல்ல: கெட்டுப்போன முதுகு, ஓய்வுக்காலத்தில் மாதாமாதம் மருத்துவச் செலவாக வரும். ஆனால் மேடையை உயர்த்தி, நல்ல விளக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போட்டு, கீழே இழுப்பறைகள் வைப்பதற்கும், பளபளக்கும் அக்ரிலிக் கதவுகளோடு முழுச் சமையலறையையும் இடித்துக் கட்டுவதற்கும் இடையே பல லட்சம் வித்தியாசம். உழைப்பைக் குறைக்கும் முதல் பகுதியை இந்த ஆண்டே செய்யலாம். பார்வைக்கான இரண்டாம் பகுதி கடன் முடியும்வரை காத்திருக்கலாம். எது உழைப்பைக் குறைக்கிறது என்பதை அங்கே வேலை செய்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். விற்பனைப் பிரதிநிதியின் லேப்டாப் படம் முடிவு செய்யக் கூடாது.

மூன்றாவது, ‘கொத்தனார் கூலியும் பொருள் விலையும் ஏறிக்கொண்டே போகிறது; இன்று செய்தால் மிச்சம்’ என்பது. கூலி ஏறுகிறது, உண்மை. பொருள் விலை எப்போதும் ஒரே திசையில் போவதில்லை; சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்ததைப் பார்த்தோம். அப்படியே ஏறினாலும், நீங்கள் கட்டும் 8.5 சதவீத வட்டியை அந்த ஏற்றம் தாண்டினால்தான் இன்று செய்வதில் லாபம். இந்த வாதத்தின் முதுகில் ஏறித்தான் டாப்-அப் கடன் வருகிறது, அதைக் கண்டு நான் அஞ்சுகிறேன். வீட்டுக்கடனோடு 10 லட்சத்தைச் சேர்த்து 15 ஆண்டுக்கு நீட்டினால் மாதம் 9,847 ரூபாய்தான் என்று சொல்வார்கள். கட்டி முடிக்கும்போது 17.7 லட்சம் ஆகியிருக்கும். பத்து ஆண்டில் உப்பிப்போகும் பிளைவுட்டுக்குப் பதினைந்து ஆண்டு தவணை. டாப்-அப் வட்டி வழக்கமாக வீட்டுக்கடன் வட்டியைவிடக் கூடவே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழகுக்கான வேலை எதுவானாலும் சேர்த்து வைத்த ரொக்கத்தில் மட்டும் செய்வது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தால், பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

வரிச்சலுகைக்காகக் கடனை வைத்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. புதிய வரி முறையில், நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறையிலும் உச்சவரம்பு ஆண்டுக்கு 2 லட்சம்; 50 லட்சம் கடனில் முதல் ஆண்டு வட்டியே 4.21 லட்சம். கழிவின் பயனைப் பெற, அதைவிட அதிகமாக வட்டி கட்டுவது யாருக்கும் லாபமாகாது.

அப்படியானால் எல்லாப் பணத்தையும் கடனிலேயே கொட்டிவிடலாமா என்றால், கூடாது. கடனில் கட்டிய பணம் சுவருக்குள் போன பணம். வேலை போன மாதம் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆறு மாதச் செலவும் தவணையும் சேர்ந்த தொகை முதலில் தனியே இருக்கட்டும். சில வங்கிகள் தரும் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடனில் உபரிப் பணத்தைப் போட்டுவைத்தால் வட்டியும் குறையும், தேவைப்பட்டால் எடுக்கவும் செய்யலாம். அவசர நிதியை வைக்க அது நல்ல இடம். பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள்: 2024-25க்கு அது கொடுத்த 8.25 சதவீதம், பெரும்பாலோருக்கு வரியில்லாமல் கிடைப்பது, கடன் வட்டிக்கு ஏறத்தாழச் சமம். அதை எடுத்துக் கடனை அடைப்பதில் லாபம் இல்லை; அதை எடுத்து டைல்ஸ் பதிப்பது பெரிய நட்டம். வங்கி டெபாசிட்டில் 7 சதவீதத்துக்கு லட்சங்களைப் போட்டு, அந்த வட்டிக்கு வரியும் கட்டி, பக்கத்துக் கணக்கில் 8.5 சதவீதக் கடனை வைத்திருப்பவர்கள் இதை நாளைக்கே சரிசெய்யலாம். ஓய்வுக்கான எஸ்.ஐ.பி. என்ற மாத முதலீடு சிறியதாகவேனும் நிற்காமல் ஓடட்டும். அதற்கு மேல் வரும் உபரியில் பெரும்பகுதி கடனுக்கு, ஒரு பகுதி வீட்டு நிதிக்கு. எந்த விகிதம் என்பதை உங்கள் வயதும் பாக்கியும் சொல்லும்: ஓய்வுக்குப் பத்தாண்டுக்கு மேல் இருந்தால் எஸ்.ஐ.பி.க்கு எடை கூட்டலாம், ஐந்தாண்டே இருந்தால் கடனுக்கு.

ஒன்று மட்டும் பேரத்துக்கு உட்படாதது. கடன் முடியும் தேதி, வேலை விடும் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டாவது முன்னால். அந்த இரண்டு ஆண்டில் தவணை இல்லாத சம்பளம் வரும். தள்ளிவைத்த அழகு வேலைகளுக்கு அதுதான் சரியான காலம்: ரொக்கம் கையில் இருக்கும், கடன் தீர்ந்ததற்கு அடையாளமாக வங்கி திருப்பித்தந்த பத்திரம் அலமாரியில் இருக்கும், ஓய்வுக்குப் பிறகு அந்த வீட்டில் எப்படி வாழப்போகிறோம் என்பதும் தெளிவாகத் தெரிந்திருக்கும். முழுக்கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித்தர வேண்டும். தாமதம் வங்கியின் தவறால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி.

இந்த வாரம் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். வங்கிக் கிளைக்குப் போய், அல்லது செயலியில், உங்கள் கடன் இன்றைய வட்டியில் எந்த மாதம் எந்த ஆண்டு முடிகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதியையும் நீங்கள் வேலையை விட நினைக்கும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கடனின் தேதி பின்னால் இருந்தால், வட்டி குறைந்தாலும் தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். இன்டீரியர் மதிப்பீடு அதுவரை மேசை இழுப்பறையில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பும் ஒருவர்